சிரித்திருக்கக் கூடாது

அன்பு மகளுக்கு,

நீ விமானம் ஏறி வருமளவுக்கு ஒன்றுமில்லை. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள்.

முப்பது வருடம் தொலைக்காட்சியில் கொலைகாரனாகவே நடித்தேன். அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் இப்போது அந்தப் பழைய தொடர்களைத்தான் போடுகிறார்கள். ஞாயிறன்று சூப்போடு போனேன். அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணைக் கொன்னவன் இவன்தாம்மா."

"இவரு உங்க வீட்டுக்காரரு, மார்ஜரி."

"என் புருஷனை எனக்குத் தெரியாதா? அவரு இப்ப வந்துருவாரு. அதுக்குள்ள இவனை அனுப்பிடு."

அவளைத் தேற்ற நினைத்துச் சிரித்தேன். இன்னும் பயந்துபோனாள். கொல்வதற்கு முன் திரையில் நான் அப்படித்தான் சிரிப்பேன்.

சூப்பை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன். அம்மா ஜன்னலருகே நின்று பனி கொட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான்.

உன் அப்பா