இரண்டு பேர் நடவு

என் பூவக்கா,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இறந்துபோனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், மனம் கொஞ்சம் ஆறும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவேன். தஞ்சாவூரில் மனநல ஆலோசகராக நாற்காலி போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து ஊருக்கெல்லாம் இந்த வேலையைக் கொடுத்தவள், எனக்கென்று வந்தபோது பேனாவைத் தொடவில்லை. நீ இருந்திருந்தால், "ஊருக்குத்தாண்டி உபதேசம், உனக்கில்ல" என்று ஒரு போடு போட்டிருப்பாய்.

அவர்கள் எழுதியதை நான் யாருக்கும் காட்டமாட்டேன். இதை மட்டும் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உனக்குச் சத்தியம் செய்து கொடுத்த ஒன்றை இதில் உடைக்கப் போகிறேன். கோபப்படு, ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருடம் மேட்டூரில் நேரத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். உன் மகள் கயல்விழிக்குப் பாபநாசம் பள்ளிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற தொல்லை விட்டது. நடவுக்கு மெஷின் வருகிறது. காலையில் இறங்கினால் மதியச் சோற்றுக்குள் பெரிய பங்கு வயல் முழுவதும் பச்சையாகிவிடுகிறது. நீ பார்த்திருந்தால் வரப்பில் நின்று அது விட்ட சந்துகளையெல்லாம் குறை சொல்லியிருப்பாய்.

நான் எகிப்து போய் வந்தேன். முதன்முதல் என்னை வெளிநாட்டுக்குப் பேசக் கூப்பிட்டபோது நீ கேட்டது நினைவிருக்கிறதா? "பேசுறதுக்கா கூப்புடுறாங்க? ஒன்னைய இங்க நாங்க பேசாம இருன்னுல்லடி சொல்லிக்கிட்டிருக்கோம்!" கோலாலம்பூர், லண்டன் என்று எங்கே போனாலும் ஏறுவதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். இந்தத் தடவை விமான நிலையத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பப் பைக்குள் போட்டேன்.

கெய்ரோவில் மாநாடு. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கிடந்த குடும்பங்களிலிருந்து முதலில் படித்து வெளியே வந்தவர்கள் மனத்தில் என்ன சுமக்கிறார்கள் என்பது என் பேச்சு. வழக்கம்போல நம் வீட்டுக் கதையில்தான் தொடங்கினேன். பண்ணையாளாக இருந்த அப்பா. தோளில் சங்கக் கொடி. அம்மா செத்த வருடத்திலும் சின்ன மகளை வயலில் இறக்காமல் பள்ளிக்கு அனுப்பிய அப்பா. "என் அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் அப்பாவின் கனவெல்லாம் என் மேல் விழுந்தது" என்று சொன்னேன். கை தட்டினார்கள். அந்த இடத்தில் எல்லா ஊரிலும் கை தட்டுவார்கள்.

மாநாடு முடிந்து தெற்கே லக்சர் என்ற ஊருக்குப் போனேன். மேலிருந்து பார்த்தால் நைல் ஆறும் இரண்டு பக்கமும் ஒரு பட்டை பச்சையும்தான். வாய்க்கால் எதுவரை போகிறதோ அதுவரை பயிர், அதற்கு அடுத்த அடியே மணல். கடைமடைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ராஜாக்களின் கல்லறைகளை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு வழிகாட்டியாக வந்த நாதியா என்ற பெண், "நீங்க தொழிலாளிங்களப் பத்திப் பேசுறவங்களாச்சே" என்று, அந்தக் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சின்னக் கல்லறைகளுக்குக் கூட்டிப்போனாள். ஒன்றின் உள்ளே சுவர் நிறைய ஓவியம். செத்துப்போன கணவன் ஏர் ஓட்டுகிறான், மனைவி பின்னாலேயே விதை தெளித்துக்கொண்டு போகிறாள். இருவரும் வெள்ளை வெளேரென்று மடிப்புக் கலையாமல் உடுத்தியிருக்கிறார்கள். "கல்யாணத்துக்குப் போறாளா, வெதைக்கப் போறாளா?" என்று நீ கேட்பது காதில் விழுந்து தனியாகச் சிரித்தேன். செத்தும் வயல் வேலைதானா என்று நாதியாவிடம் கேட்டேன். "அதுதான் அவங்க பயம். அதுக்கு ஒரு ஏற்பாடும் செஞ்சு வச்சிருந்தாங்க, வாங்க" என்றாள்.

அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விரல் நீளத்தில் நீலப் பொம்மைகள், வரிசை வரிசையாக. மார்பில் குறுக்கே மடித்த கைகளில் மண்வெட்டி, முதுகில் விதைப் பை. வசதியானவர்கள் பிணத்தோடு இவற்றையும் வைத்துப் புதைப்பார்களாம். மேலுலகத்திலும் பயிர் வேலைக்கு ஆள் கூப்பிடுவார்கள். செத்தவர் பெயரைக் கூப்பிட்டதும் அவருக்குப் பதிலாக இந்தப் பொம்மை எழுந்து, "இதோ இருக்கிறேன்" என்று சொல்லிப் போய் வேலை செய்ய வேண்டும். சாட்டையோடு வேறு சில பொம்மைகள் இருந்தன. பத்துப் பொம்மையை வேலை வாங்க ஒரு காரியக்காரர்.

அக்கா, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாதியா தண்ணீர் கொடுத்து, "வெயிலா?" என்றாள். "இல்லை, என் அக்கா" என்றேன். பாவம், அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

நம் குடிசை நின்ற மண் பண்ணைக்குச் சொந்தம். அதனால் நடவுக்கு வீட்டுக்கு இரண்டு பெண் ஆள் இறங்க வேண்டும் என்பது பண்ணைக் கட்டளை. அம்மாவும் அத்தையும் இறங்கினார்கள். அத்தையைத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அந்தச் சித்திரையில் மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். ஆனியில் குறுவை நடவு. "ரெண்டு ஆள் இல்லன்னா குடிசையப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்பு" என்று காரியக்காரர் ஆள் விட்டார். கழக ஆட்சி வந்திருந்தது, குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்ற பேச்சும் வந்திருந்தது, ஆனால் நம் கையில் ஒரு காகிதமும் வரவில்லை. மேடையில் "புள்ளைங்களப் படிக்க வைங்க தோழர்களே" என்று பேசிய அப்பா, அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் நாளைக்கு எறங்குங்கம்மா. ஒரு போகந்தான்."

நீ எட்டாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. நீ நேரே வயலுக்குப் போய்க் காரியக்காரரிடம், "தங்கச்சி பள்ளிக்கூடம் போவட்டும். அவ பங்கையும் நானே நடுறேங்க" என்றாய். அவர் சிரித்துவிட்டு, "ரெண்டு பங்கையும் முடிச்சுட்டு, மத்தவ கரையேறும்போது நீயும் ஏறணும், ஆமா" என்று ஒப்புக்கொண்டார். அப்பா நமக்கு ஆசையாக வைத்த தமிழ்ப் பெயர்களைப் பார்த்தாலே அந்த ஆளுக்கு வயிறு எரியும். "சேத்துல நிக்கிறதுக்குப் பூங்கோதை, செந்தாமரையா?" என்பார். வராதவள் வரவில்லை என்று தெரிந்தே தினமும் காலையில் இரண்டு பெயரையும் கூப்பிட்டார்.

"பூங்கோதை!"

"இருக்கேங்க."

"செந்தாமரை!"

"இருக்கேங்க."

இரண்டுக்கும் நீயே பதில் சொன்னாய். பள்ளிக்கு வாய்க்கால் கரை மேலேதான் வழி. என் பெயரைக் கூப்பிடுவதும் நீ பதில் சொல்வதும் காதில் விழ, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அழைத்துக்கொள்வார்களோ என்று வேகமாக நடந்தேன். முதல் இரண்டு நாள் மற்றப் பெண்கள் சிரித்தார்களாம். மூன்றாம் நாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. காரியக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போது உன் பங்கில் ஆளுக்கு நாலு குத்து நாற்று நட்டுக் கொடுத்தார்கள் என்று பின்னால் நீதான் சொன்னாய்.

ஒரு போகம் என்றது நாலு போகமானது. நான் ஏழாம் வகுப்பு போகும்போதுதான் மனைப்பட்டா வந்தது. அன்றே தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். "கணக்குல இந்தப் புள்ளைதான் முதல். இப்பவாவது அனுப்புங்க, நான் சேத்துக்குறேன்" என்றார். அப்பா உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுச் சிரித்தபடி, "எனக்குப் படிப்பு ஏறல சார். சின்னப் புள்ளைங்களோட போய் உக்காரச் சொல்றீங்களே, வெக்கக்கேடு!" என்றாய்.

அந்தப் பொய்யை எங்களுக்குச் செய்து கொடுத்ததே நீதான். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஊர் பிடித்துக்கொண்டது. "பெரியவளுக்குப் படிப்பு ஏறல, சின்னவ சூட்டிகை" என்பது நம் வீட்டு வரலாறு ஆகிவிட்டது. எனக்குத் தெரியும். உன் பழைய கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் நான் கணக்கே போட்டேன். ஆனாலும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று ஒருமுறை உன்னிடம் அழுதபோது, "அப்பாவத் தலை குனிய வச்சிராத. யார்கிட்டயும் சொல்லாத, எம்மேல சத்தியம்" என்று கையை நீட்டினாய். அடித்துக் கொடுத்தேன். அப்பா போன பிறகு, இனிமேல் சொல்லட்டுமா என்று கேட்டேன். "இப்ப என்னடி அதுக்கு? வேற வேலையப் பாரு" என்றாய்.

எகிப்திலிருந்து நேரே லண்டன் போனேன். அங்கும் அதே பேச்சு. அங்கேயாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. உன்னைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டுப் பேசினேன். பொய்யைத் திருத்தவில்லை, உன்னையே எடுத்துவிட்டேன். முன்பாவது மக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள், இப்போது அவளும் இல்லை. மேடையிலிருந்து இறங்கும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

ஊர் வந்ததும் கயலிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் பாத்திரம் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியுமே சித்தி. அம்மா சொல்லியிருக்கு. 'நான் ரெண்டு பேர் நடவு நட்டவடி'ன்னு பெருமையாத்தான் சொல்லும்" என்றாள்.  பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "படிப்பு ஏறலன்னு நீங்க மேடைல சொன்ன வீடியோவ ஒரு தடவை போட்டுக் காட்டுனேன். முழுசாப் பாத்துட்டு எந்திரிச்சுப் போய் மாட்டுக்குத் தண்ணி வச்சுச்சு" என்றாள்.

நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, அடுத்த தடவை நான் விமானம் ஏறும்போதும், "பத்திரமாப் போயிட்டு வா, நல்லாப் பேசு" என்று சொல்லியிருக்கிறாய். எப்படி அக்கா முடிந்தது உனக்கு? என் தொழிலில் இதற்கு நாலைந்து விளக்கம் இருக்கிறது. ஒன்றும் எனக்குப் போதவில்லை.

இப்போது நடப்பு. நம் தெருப் படிப்பகத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அப்பா பெயர் வைக்கிறார்கள். தை பிறந்ததும் திறப்பு விழா. நான்தான் சிறப்புரையாம், "தந்தை தந்த கல்வி" என்று தலைப்புப் போட்டு நோட்டீஸே அடித்துவிட்டார்கள். அப்பாவோடு கொடி பிடித்த ராமையா தோழரிடம் போய், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னேன். முகம் சுருங்கிப் போனது. "மூணு நடவு, நாலு நடவு, எல்லா வீட்லயும் நடந்ததுதானம்மா. செத்தவங்க பேரைப் போய்க் கெடுக்கலாமா?" என்றார்.

"அக்காவும் செத்தவதான் தோழர்" என்றேன்.

அவர் நோட்டீஸை மடித்து மடித்துச் சின்னதாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், அப்பாவைப் போலவே. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா, குடிசையைப் பிரித்தால் மூன்று பேரும் எங்கே போயிருப்போம்? படிப்பகத்துக்கு அப்பா பெயரே இருக்கட்டும். கொடி பிடித்ததும் உண்மை, அன்று தோற்றதும் உண்மை. இரண்டையும் சொன்னால் அவர் சின்னவராகிவிடமாட்டார்.

ஆகவே சத்தியத்தை உடைத்தாயிற்று. பதிலுக்கு இன்னொரு சத்தியம். அன்று மேடையேறி, மாலையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவையோர் பெயரெல்லாம் சொல்வதற்கு முன்னால் ஒரு வரி சொல்லுவேன்: "என் அக்கா பூங்கோதைக்குப் படிப்பு நன்றாக வரும்." அதற்குப் பிறகு மைக்கை அணைத்தாலும் சரி.

உன் பங்கையும் சேர்த்துப் படித்துவிட்ட தங்கை,
செந்தாமரை