பெட்டியில் ஒரு குழி காலி

என்னங்க,

வார்டுக்குள்ள என்னை விடமாட்டேங்கிறாங்க, அதான் எழுதறேன். "இனி எனக்கெதுக்கு, நாணயப் பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடு"ன்னீங்களே, நான் தள்ளலை!

பழைய காசு வாங்குற வியாபாரி ஒவ்வொரு காசா எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, முழுப் பெட்டிக்கும் அடிமாட்டு விலை சொன்னார். ஓரம் தேஞ்ச அந்தச் செப்புக்காசை மட்டும் தொடவே இல்லை. ஆனா கண்ணு அங்கேயே போச்சு. காய்கறிக் கடையில நான் பண்ற அதே நடிப்பு, எனக்குத் தெரியாதா? "அது விக்கிறதுக்கில்லீங்க"ன்னு எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். மனுஷன் ஆடிப்போயிட்டார். கடைசியில, முழுப் பெட்டிக்கும் முதல்ல சொன்னதைவிட அதிகமா அந்த ஒத்தைக் காசுக்கே குடுத்தார்!

ஆபரேஷனுக்குக் கட்டியாச்சு. பெட்டி அலமாரியிலேயே இருக்கு, ஒரு குழி மட்டும் காலி. அதுக்கேத்த நாணயம் தேடி அலைய நீங்கதான் எழுந்து வரணும்.

உங்க கஞ்சப்பிசினாறி