தரையில் பிடிபட்ட கடற்படை வீரர் சிசின்னியோஸை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கோஸ்மாஸ்,
மேல்தட்டுத் துடுப்பு வீரர்,
கலாமியா துறைமுகம், தென்கடல் மாகாணம்.

பெறுநர்:
கைதிகள் பரிமாற்றத்துக்கான பேரரசுத் தூதர் அவர்கள்,
லாமோஸ் ஆற்றங்கரை முகாம்.

பொருள்: எதிரியிடம் சிறைப்பட்ட வீரர் சிசின்னியோஸ் 'ஓடிப்போனவர்' என்று தவறாகக் கூறப்பட்டிருப்பதை நீக்கி, அவரையும் பரிமாற்றத்தில் சேர்க்க வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே வேண்டுகோளுடன் நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. இனி ஏறுவதற்குத் தங்கள் வாசல் ஒன்றுதான் மிச்சம் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சென்ற வசந்தத்தில் எதிரி நகரான தார்சுஸிலிருந்து வந்த கொள்ளைப் படையினர் எங்கள் கரையில் கப்பல்களை நிறுத்திவிட்டுக் குதிரைகளோடு பள்ளத்தாக்குக்குள் புகுந்தனர். வழக்கப்படி ஊர் மக்களும் ஆடுமாடுகளும் மலைக்கோட்டைக்கு ஏற்றப்பட்டார்கள். கொள்ளையரை நேருக்கு நேர் மறிக்காமல், கொள்ளைச் சுமையோடு திரும்பும்போது கணவாயில் மடக்குவது என்று குதிரைப்படை காத்திருந்தது. அவர்களுடைய கப்பல்களை எரிப்பது எங்கள் வேலை.

கப்பல் தலைவர் மெலியாஸ் அவர்கள் ஆணைப்படி எங்கள் கப்பல் முகப்பிலிருந்து தீயைப் பீய்ச்சும் நெருப்புக்குழல் இரண்டு கப்பல்களைக் கொளுத்தியது. கடல்நீர் மேலேயே தீ எரிந்தது. புகையைக் கண்டு கொள்ளையர் கரைக்குத் திரும்புவார்கள் என்பதால், அவர்களுடைய குதிரைகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் கடலோர ஊற்றை மறிக்கச் சொல்லி எங்களில் சிலரை அவர் இறக்கிவிட்டார். "தண்ணிய மட்டும் விட்டுடாதீங்கடா. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார்.

அவர் நிற்கவில்லை. நிலமுனையைச் சுற்றி எதிரியின் மூன்றாவது கப்பல் வந்ததும் ஆழ்கடலுக்குப் போய்விட்டார். ஐயா, இதற்காக நான் அவர்மீது புகார் செய்யவில்லை. நெருப்புக்குழல் எதிரி கையில் சிக்கக்கூடாது என்பது நாங்கள் எல்லோரும் செய்த சத்தியம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். போய்ச் சேர்ந்தபின் அவர் சொன்னதுதான் என் புகார்.

திரும்பி வந்த கொள்ளையரை எதிர்த்து ஊற்றில் நாங்கள் கேடயம் கோத்து நின்றோம். சோட்டிகோஸ் என்பவருக்குத் தொடையில் ஈட்டி பாய்ந்தது. அப்போது சிசின்னியோஸ் என்னைப் பார்த்துக் கத்தினார்: "கோஸ்மா, இவனத் தூக்கிட்டு மேல போடா! இந்தப் பாதை ஒரு ஆளு நிக்கத்தான் இருக்கு. எதுக்கு ரெண்டு பேரு சாவணும்?" நான் சோட்டிகோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையில் ஏறினேன். மற்றவர்கள் அதற்கு முன்பே அங்கு இறந்திருந்தார்கள்.

எங்கள் குதிரைப்படை கணவாயிலிருந்து பாய்ந்து கொள்ளையரைச் சிதறடித்தபோது, அவர்களில் ஒரு கூட்டம் மட்டும் தப்பி அந்த மூன்றாவது கப்பலில் ஏறியது. சிசின்னியோஸைக் கழுத்தில் கயிறு கட்டி அந்தக் கப்பலுக்கு இழுத்துச் சென்றதை மேலிருந்து நானும் சோட்டிகோஸும் பார்த்தோம்.

வெற்றிக்காக மெலியாஸ் அவர்களுக்குப் பட்டு அங்கி அணிவிக்கப்பட்டது. இறக்கிவிட்ட ஆட்கள் எங்கே என்று ஆளுநர் கேட்டதற்கு, இறந்தவர்கள் இறந்தார்கள், சிசின்னியோஸ் ஓடிப்போனார் என்று அவர் சொல்லிவிட்டார். நான் போய்க் கேட்டேன். "உயிரோட ஒருத்தன விட்டுட்டு வந்தேன்னு சொன்னா என் தலை போகும்யா. ஓடிட்டான்னு சொன்னா யாரு தலை போகுது? நீ தப்பிச்சிட்டல்ல, வாய மூடிட்டு இரு" என்றார்.

கடற்படை அலுவலகத்தில், அவர் தரையில் பிடிபட்டதால் தரைப்படையைக் கேட்கச் சொன்னார்கள். தரைப்படை அலுவலகத்தில், "துடுப்புக்காரனுக்கு நாங்க எப்படிய்யா பொறுப்பு? கடலுக்குப் போய்ச் சொல்லு" என்று சிரித்தார்கள். ஐயா, பேரரசு நிலத்திலும் நீரிலும் போர் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே கரையில் நின்றவனுக்கு மட்டும் கேட்பார் இல்லையா?

ஓடிப்போனவருடைய நிலம் என்பதால், படைப்பணிக்காக அவருக்கு விடப்பட்ட வயல் அறுவடைக்குப் பின் பறிக்கப்படும் என அறிவித்துவிட்டார்கள். அவர் மனைவி அந்தூசா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா அழுது தீத்திருப்பேன் அண்ணே. ஓடிட்டாருங்கிறாங்களே, இதுக்கு எப்படி அழுவுறது?" என்று கேட்கிறார்.

ஆகவே, தங்களை நான் வேண்டுவது:

1. வரும் பரிமாற்றத்தில் எதிர்த்தரப்பிடம் சிசின்னியோஸின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2. அவர் திரும்பி வந்து விசாரணை முடியும்வரை அந்தூசாவின் வயலில் யாரும் கை வைக்காதபடி ஆணையிட வேண்டும்.

3. என்னையும் சோட்டிகோஸையும் சிலுவை மீது கைவைக்கச் செய்து மெலியாஸ் அவர்கள் முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும். நாங்கள் பொய் சொல்லியிருந்தால் என்ன தண்டனையானாலும் ஏற்கிறோம்.

தார்சுஸ் சந்தைக்குப் போய்வந்த எண்ணெய் வணிகர் ஒருவர், மதில் வேலையில் கல் சுமக்கும் சிசின்னியோஸைக் கண்டு பேசியிருக்கிறார். சிசின்னியோஸ் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி அல்ல. "எங்க கப்பல் தப்பிச்சுதா?" என்றுதான் கேட்டாராம். தப்பியது என்றதும் கும்பிட்டாராம். அந்தக் கப்பல் தன்னைப் பற்றிக் கரையில் என்ன சொன்னது என்பது அவருக்கு இன்னும் தெரியாது, ஐயா. அடுத்த வணிகர் போய்ச் சொல்வதற்குள் அவரை இக்கரைக்குக் கொண்டு வாருங்கள்.

இடம்: கலாமியா துறைமுகம்
நாள்: பதினைந்தாண்டு வரிச்சுற்றின் நான்காம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம், கன்னி அன்னையின் திருநாளுக்கு முந்தைய தினம்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
கோஸ்மாஸ்

சாட்சி: சோட்டிகோஸ் (எழுதத் தெரியாததால் சிலுவைக் குறி)