ஆடியில் திறக்காத கதவு

3 ஜூலை 1956
சுருளியம்மாள் மகளின் பேறுகாலத்துக்குக் கம்பம் போய்விட்டாள். மாதர் சங்கத்தின் பிள்ளைகள் காப்பகத்துக்கு இருந்த ஒரே ஆயா அவள்தான். செயலாளர் என்ற முறையில் கதவைப் பூட்டினேன். ஏலக்காய் எடுப்பு தொடங்கும் நேரம். மலைக்கு லாரி ஏறும் பெண்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்?

8 ஜூலை
கமிட்டிக் கூட்டம். மாதர் சங்கம், வாசகசாலை, சேவா சங்கம் என்று போடியில் சங்கத்துக்குக் குறைவில்லை. எதில் போய் உட்கார்ந்தாலும் அதே ஏழெட்டு முகங்கள். ஆயா கிடைக்கும்வரை ஆளுக்கொரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒருத்திக்கு நாத்தனார் வருகிறாளாம், ஒருத்திக்கு இடுப்பு வலியாம். கூலிக்காரர்களின் மூக்கொழுகும் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்க மனமில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது பேசியிருப்பேன். எனக்கோ பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை.

18 ஜூலை
ராசிங்காபுரத்துப் பொன்னுமணி ஆயா வேலைக்குச் சம்மதித்தாள். சந்தோஷமாகத் தலைவி ஜக்கம்மாள் வீட்டுக்கு ஓடினேன். கட்டடம் அவருடையது.

"ஆடியிலயா? ஆவணி பொறக்கட்டும் தாயி. வாழை கட்டித் தொறப்போம்."

புதிதாகத் தொடங்கவில்லையே, நடந்துகொண்டிருந்ததுதானே என்றேன்.

"பூட்டிட்டோம்ல? பெறகு தொறந்தா அது தொடக்கந்தான். படிச்சவுகளுக்கு ஆடியும் ஆவணியும் ஒண்ணு போல."

கெட்ட மனசில்லை. ஆடியில் குடிபுகுந்த வீட்டில்தான் அவருடைய தலைமகன் இறந்தான். அது தெரிந்தும் எப்படி வாதாடுவது? அவரை விட்டால் கட்டடமில்லை. கட்டடமில்லாவிட்டால் சங்கமும் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

20 ஜூலை
கருத்தம்மா வீடு தேடி வந்தாள். ஏலத்தோட்டக் கூலி. புருஷன் இல்லை. இடுப்பில் இரண்டு வயசுப் பேச்சி.

"எப்பத் தொறப்பீக டீச்சரம்மா? மேல ஒரே சாரல். செடிக்கு அடியில சாக்கு விரிச்சுப் படுக்க வைக்கிறேன், சாக்கே நனைஞ்சு போகுது."

ஆவணியில் என்றேன்.

"அதுவரைக்கும் நீங்க வச்சுக்கிடுவீகளா?"

பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றேன். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

27 ஜூலை
மழை. மலையே தெரியவில்லை.

8 ஆகஸ்ட்
பேச்சி இறந்துவிட்டாள். மார்ச்சளி. நேற்றுக் காலையில் மேலே போய் இறங்கும்போதே பிள்ளைக்கு மூச்சு இழுத்திருக்கிறது. சாயங்காலம்தான் லாரி திரும்பும் என்றானாம் கங்காணி. திரும்பும் வழியில் —

ஒரு மாசம் லீவு எழுதிக் குடுத்திருந்தா நான் என்ன குறைஞ்சு போயிருப்பேன்? என் வீட்டுலயே வச்சுப் பார்த்திருக்கலாமே. அன்னைக்கு ஏன் தோணல? தோணலையா, இல்ல, வேண்டாம்னு விட்டேனா?

20 ஆகஸ்ட்
ஆவணி. நல்ல நாள். வாழை, மேளம், மூன்று சங்கத்தாரும் பந்தலில். விளக்கேற்றப் போன ஜக்கம்மாள், கூட்டத்தின் பின்னால் கருத்தம்மா நிற்பதைப் பார்த்துவிட்டார். தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

17 ஜூலை 1957
பொன்னுமணி கல்யாணமாகிப் போனதிலிருந்து காப்பகம் பூட்டிக் கிடந்தது. கமிட்டி கூடவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு நானும் ஓய்ந்துபோனேன். நேற்று ஆடி பிறந்தது. பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று விடியுமுன் நானே கதவைத் திறந்தேன். கூடக் கருத்தம்மா. இனி மலையேற மாட்டேன், இங்கேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகவே வந்தாள். இப்போது சங்கம் என்பது நாங்கள் இருவர்தான்.

ஜக்கம்மாள் வரவில்லை. தடுக்கவும் இல்லை. மத்தியானம் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கஞ்சி வந்தது. யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றாராம்.

பொழுது சாய லாரி வந்தது. நனைந்த சேலையோடு இறங்கிய பெண்கள் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு கருத்தம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் நின்றேன்.