பத்தாவது கை

மார்ச் 3, புதன்

மூவுலகிலும் நிகரற்ற ஓட்டுநராகிய நான், காலை ஏழு மணிக்குச் சுகாதார நிலையத்தின் வேனைக் கிளப்பினேன். கிளம்பவில்லை. மூன்று பேர் தள்ளினார்கள். நான் கம்பீரமாக ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். தளபதி இறங்கித் தள்ளினால் படை என்ன நினைக்கும்?

பின்னால் குளிர்பெட்டி, அதற்குள் தடுப்பூசிக் குப்பிகள். பக்கத்தில் நர்ஸ், என் அக்கா மகள். கூரையில் ஒலிபெருக்கி, மைக் என் கையில். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். அதனால் பத்துப் பேர் சேராமல் திறக்கக் கூடாது என்பது அதிகாரியின் கட்டளை.

நாங்கள் போகாத தெரு இல்லை. போகாத கட்டடம் ஒன்று உண்டு: அக்கா குடியிருக்கும் ஐந்து மாடி. இரண்டு வட்டங்களின் எல்லைக்கோடு அதன் படிக்கட்டு வழியே போகிறதாம். இடப்பக்க வீடுகள் எங்களுக்கு, வலப்பக்கம் அடுத்த நிலையத்துக்கு. "அது அவங்க கட்டடம்" என்று இரண்டு பேரும் கை காட்டுகிறார்கள். கிருமிக்கு மட்டும் இரண்டு பக்கமும் வீடு இருக்கிறது.

மார்ச் 4

அதிகாரியிடம் போர் தொடுத்தேன். அவர் வரைபடத்தை விரித்தார்.

"பாருங்க, கோடு படிக்கட்டுல போகுது."

"சார், படிக்கட்டுலயே உக்கார வச்சுப் போட்டா, அது எந்த வட்டம்?"

கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "யாரோடதும் இல்ல."

"அப்ப யார் தடுப்பாங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் இறங்கி வந்தார்: பத்துப் பேர் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு குப்பி. ஒருத்தர் குறைந்தாலும் திறக்காமல் திரும்ப வேண்டும். அந்தக் கட்டடப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

பத்துப் பேர்தானே? என் வாய்க்குப் பத்தாயிரம் பேர் காணாது.

மார்ச் 5

அக்காவுக்கு இழுப்பு. ஐந்து மாதமாக நாலாவது மாடியை விட்டு இறங்கவில்லை. மகள் நோயாளிகளோடு இருப்பவள் என்பதால் நிலையத்திலேயே தங்கிவிட்டாள், வீட்டுப் பக்கம் போவதில்லை. கீழே வேனை நிறுத்தி, ஒலிபெருக்கியில் "அக்கா" என்பேன். கயிற்றில் வாளி இறங்கும். மாத்திரையைப் போட்டு அனுப்புவேன்.

இன்று ஜன்னலிலிருந்து கேட்டாள்: "நீ உயிரோடதான் இருக்கியா?"

பாசம் பொங்குகிறது என்று நினைத்து, "எமனுக்கே தண்ணி காட்டினவன்கா நான்" என்று ஊர் அதிர அறிவித்தேன். வாளி விறுவிறுவென மேலே போனது. ஜன்னல் சாத்திக்கொண்டது.

என்ன தப்பாகச் சொன்னேன்?

மார்ச் 8

இரண்டு பெயர்தான் சேர்ந்தது. மற்றக் கதவுகளெல்லாம் சங்கிலி அளவுக்கே திறக்கின்றன. இரண்டாவது மாடித் தையல்காரர் அந்த இடுக்கு வழியே காரணம் சொன்னார்.

"ஒரு டிரைவர் ஊசி போட்டு மூணு நாள் பொணமா கிடந்தானாம். நாடியே இல்லையாம். எமன் வந்து தலைமாட்டுல நின்னானாம்."

அந்த எமன் என்னுடையவன். போன மாதம் முடிதிருத்தும் கடையில், தலையில் பாதி முடி போன நிலையில், நான்தான் அவனை அவிழ்த்துவிட்டேன். எமன் வந்தான், என் உடம்பைப் பார்த்துவிட்டு எருமை ஏற்ற மறுத்தது, "நடந்து வர்றியா" என்று கேட்டான், "செருப்பு அறுந்துபோச்சு" என்றேன், போய்விட்டான். கடையே சிரித்தது. நடந்தது என்னவோ அரை நாள் காய்ச்சல், ஒரு மாத்திரை, நல்ல தூக்கம்.

சிரிப்பைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பிணம் மட்டும் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது.

"அண்ணே, அந்த டிரைவர் நான்தான்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "செத்தவன் மாதிரிதான் இருக்க." கதவைச் சாத்திவிட்டார்.

மார்ச் 12

தையல்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது.

மார்ச் 15

போயிட்டாரு.

எட்டாம் தேதியே போட்டிருந்தாலும் பன்னெண்டுக்குள்ள அது வேல செஞ்சிருக்காது மாமான்னு அக்கா மக சொல்றா. ஆறுதலுக்குச் சொல்றியா, நெசமாவான்னு கேட்டேன். ரெண்டுந்தான்னா.

சரி. ஆனா அந்தாளு கதவச் சாத்தினது எதுக்கு? என் எருமைக்காக. நான் சிரிக்க வச்ச பத்து நிமிஷத்துக்காக.

எழுத வரல.

மார்ச் 16

வாயால் கெட்டதை வாயாலேயே கட்டுவேன். என் காலே, நீ வேண்டாம் என்றாலும் ஏறு. எமனே, வரைபடமே, சங்கிலி போட்ட கதவே, எல்லாரும் வரிசையில் வாருங்கள்.

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று உண்மையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் எனக்கு அதில் பழக்கமே இல்லை. "அரை நாள் காய்ச்சல். ஒரு மாத்திரை." மூன்றாவது மாடியில் ஒரு பெரியவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"எருமை?"

"எருமையும் இல்லங்க."

நம்பாதவர்களிடம் மணிக்கட்டை நீட்டினேன், பிடித்துப் பார்க்கட்டும் என்று. சாயங்காலத்துக்குள் முப்பது பேராவது பார்த்திருப்பார்கள். எண்ணிக்கை சுத்தமானது, என் வழக்கப்படி சொன்னால் மூவாயிரம். ஒன்பது கையெழுத்து ஆனது.

அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே பேசினாள். "மூணு நாள் பொணமா கிடந்திருக்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. செத்திருந்தா உன் மொகத்தக்கூட நான் பாக்கக் கூடாதாடா?"

"அக்கா, அது பொய்க்கா."

"எது பொய்? அதுவா, இப்ப சொல்றதா?"

பேச்சில் என்னை மடக்க ஆளில்லை என்று அறுபது வருடம் திரிந்தவன். படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அவளுக்கு மூச்சு இழுப்பது வெளியே கேட்டது.

மார்ச் 18

"ஒன்பது, பத்து ஆகாது" என்றார் அதிகாரி.

நாளைக்குப் பத்து ஆகாவிட்டால் வண்டிச் சாவியை உங்கள் மேசையில் வைக்கிறேன் என்றேன். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். கீழே கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

மார்ச் 19

ஒன்பது பேரும் படிக்கட்டில் நின்றார்கள். அக்கா மகள் முதல் படியில், குளிர்பெட்டி மடியில். அதிகாரி வரைபடத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆனது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.

அப்போது வாசலுக்கு வெளியே தொப்பென்று ஒரு சத்தம். வாளி. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, அக்காவின் கையெழுத்து. பெயர், வயது. கீழே: "என் பொண்ணு எவ்வளவு நேரம் படியில உக்காந்திருப்பா? மேல வரச் சொல்லு. அவனும் வரட்டும். வாசலோட நிக்கட்டும்."

அக்கா மகள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு குப்பியைத் திறந்தாள்.

ஒன்பது கை முடிந்து நாலாவது மாடி ஏறினோம். அக்கா வீடு வலப்பக்கம். அடுத்த வட்டம். எல்லாரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் வரைபடத்தைப் பார்த்தார். அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"நாற்காலிய வாசலுக்கு வெளிய போடுங்க" என்றார். "படிக்கட்டு யாரோடதும் இல்ல."

ஐந்து மாதம் கழித்து அம்மாவும் மகளும் முகக்கவசத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார்கள். "எளச்சுட்ட" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள்.

"நாடியக் காட்டு."

காட்டினேன். ஊசி ஏறும்போதும் விடவில்லை. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20

அக்காவுக்கு அரை நாள் காய்ச்சல். ஒரு மாத்திரை.

ஏப்ரல் 16, வெள்ளி

இரண்டாவது ஊசி. இன்று அந்தக் கட்டடத்தில் ஐந்து குப்பி. வரிசையில் முதல் ஆள் தையல்காரரின் மனைவி. என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

அக்கா தானே இறங்கி வந்தாள். மாடிக்கு ஒரு நாற்காலி போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து, முக்கால் மணி நேரம். ஊசி போட்டுக்கொண்டு நேரே வேனில் ஏறி, என் மைக்கை எடுத்துக்கொண்டாள். அடுத்த தெரு முழுக்க அவள் குரல்தான்.

"இந்த வண்டி ஓட்றவன் என் தம்பி. வாயத் தொறந்தா பொய். ஆனா சாகல. நானே புடிச்சுப் பாத்தேன். ஊசி போட வாங்க."

கதவுகள் திறந்தன. நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.