ஏழாவது கேள்விக்கு உன் பதில்

இலோயிலோ,
மார்ச் 9

அன்பு மகன் ரோடெலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மாடிப்படி மட்டும் இனி எனக்கு இல்லை, கீழ் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். உன் தங்கை மாரிசெலுக்குப் பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது. கப்பலில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேன் என்பாய், அந்தப் பதில் எனக்கு வெறுத்துவிட்டது.

தசைநோய்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி மூன்று மாதத்துக்கொருமுறை அனுப்பும் கேள்வித்தாளை நாம் இருவரும்தானே நிரப்புகிறோம். இந்தத் தடவை உன்னுடையதைப் படம் பிடித்து அனுப்பி, "நான் நாப்பத்தாறு மார்க், நீங்க வெறும் முப்பது, தோத்துட்டீங்கப்பா" என்று கேலி செய்திருந்தாய். நானும் சிரித்தேன். பிறகு ஏழாவது கேள்வியைப் பார்த்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்பதற்குச் சிரமமில்லை என்று போட்டிருக்கிறாய். மறுநாள் உன் பிறந்தநாளுக்குக் கப்பலில் பாடிய வீடியோவை அம்மா காட்டினாள். வலது கையில் மைக், அந்த முழங்கையை இடது கை தாங்கிக்கொண்டிருக்கிறது. "எவ்வளவு ஸ்டைலா நிக்கிறான் பாருங்க" என்றாள். அது ஸ்டைல் இல்லை மகனே, அது என் வித்தை. கை எழும்பாதபோது தலையைக் குனிந்து சீப்பிடம் கொண்டுபோய் வாரியவன் நான். எப்படியோ வாரினேன் அல்லவா, அதனால் கம்பெனி டாக்டரிடம் சிரமமில்லை என்றேன். என் கப்பலின் சரக்கறை ஏணியில் பிடி விட்ட அன்று கீழே சர்க்கரை மூட்டைகள் கிடந்தன, இடுப்போடு போயிற்று. உன் கப்பலில் கீழே இருப்பது இரும்புத் தளம், ஏணியும் மூன்று மடங்கு உயரம்.

போனில் கேட்டதற்கு, "இன்னும் அஞ்சு மாசம்தான்ப்பா, அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாய். உனக்கே தெரிந்துதான் தினமும் ஏறுகிறாய் என்று அப்போது புரிந்தது. பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு ஊன்றுகோலோடு போய் அங்கே சொல்லிவிட்டேன். நோயைக் கொடுத்ததும் நீங்கள்தான், பிழைப்பைக் கெடுத்ததும் நீங்கள்தான் என்பாய். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் ஏறி இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்த பையன் ஜோமர், நம் மீன்கடை ஆர்னெலின் மருமகன். உனக்குப் பதிலாக வந்திருப்பவன் அவன்தான். நீ படித்து முடிக்கும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன், அவனைத் திட்டாதே. நம் ஹாரோ கோயில் மாதா உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். இறங்கும்போது பெட்டியை அவனையே தூக்கச் சொல்.

உன் அப்பா,
எலிசியோ