புதன், சனி, பேய்க் கதை

அக்கா,

நேற்று பள்ளிக்கூடத்து வேலை முடிந்து வந்து, கால் கழுவிவிட்டுச் சும்மா போனைத் திறந்தேன். படம் பார்க்கிற செயலியில் ‘விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்’ என்று நம் கதை நின்றுகொண்டிருந்தது. மலைக் கிராமத்துத் தபால்காரி குடையோடு நிற்கிற படம். அதன் அடியில் பாதிக்குமேல் ஓடிய சிவப்புக் கோடு. இன்னும் பதினேழு நிமிடம் பாக்கி என்றது.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அந்தப் பதினேழு நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நீங்கள் பாதியிலேயே சொன்னதுதான் சரி. தபால்காரி உயிரோடுதான் இருக்கிறாள். ஊர்தான் செத்துப்போன ஊர். “அவளுக்கு வீட்டுக்கு வீடு டீ ஊத்தித் தர்றாங்க, ஆனா யாரும் ஒரு வாய் குடிக்கல பாரு” என்று அன்றைக்குச் சொன்னீர்கள். கடைசிக் காட்சியில் அவள் குடையை மடக்கிக்கொண்டு காலி வீடுகளுக்கு நடுவே நடந்து போகிறாள். பயங்கரமான காட்சி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

உங்கள் காரியத்தன்றும் இப்படித்தான் இருந்தேன். ஓரகத்தி செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பந்தலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பங்காளிச் சண்டை அப்படி என்று இன்னொருவர் பதில் சொன்னார். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. நீங்கள் அண்ணன் மனைவி, நான் தம்பி மனைவி. ஒரே வீட்டுக்கு ஆறு வருஷ இடைவெளியில் வாழ வந்தோம். நான் வந்த புதிதில் வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில் அந்தப் பேய்த் தொடர் வரும். வாரம் ஒரு கதை, வாரம் வேறு ஆட்கள். போன வாரம் கிணற்றில் விழுந்து செத்த நடிகை இந்த வாரம் பள்ளிக்கூட டீச்சராக வருவாள். நான் உங்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, “போயிடுச்சாக்கா, போயிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்ப்பீர்கள். பேய் வந்து நின்றால் சிரிப்பீர்கள். “பாவம், பொடவ கூட மாத்த விடல அவள. எத்தன வருஷமா அதே வெள்ளப் பொடவ” என்பீர்கள்.

பிறகு பாகப்பிரிவினை வந்தது. வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்வது என்று தொடங்கியது, கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியதில் முடிந்தது. அத்தானும் தம்பியான என் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தினார்கள். நாமும் நிறுத்த வேண்டியதாயிற்று. வியாழக்கிழமைகளில் சுவருக்கு இந்தப் பக்கம் நான் அதே கதையைப் பார்ப்பேன். பயமான இடம் வரும்போது அந்தப் பக்கம் நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். முகத்தை மூட முந்தானை இல்லாததால் நான் டிவியை அணைத்துவிடுவேன். பதினோரு வருஷம் அப்படிப் போனது.

உங்களுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்பதை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புதனும் சனியும் தஞ்சாவூரில் டயாலிசிஸ். முதல் நாள் அத்தான் உங்களோடு வந்து, குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாராம். அதிலிருந்து நீங்கள் தனியாகத்தான் போய்வந்தீர்கள். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நீங்கள் வாசலைக் கடந்து நடந்து போவதை ஜன்னலில் நின்று நான் மூன்று வாரம் பார்த்தேன். நான்காவது சனிக்கிழமை நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். “எங்க?” என்றார் என் வீட்டுக்காரர். “தஞ்சாவூருக்கு” என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  பாபநாசம் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னீர்கள்.

“பேய்க் கதையில பேய் யாருன்னு கண்டுபுடிக்கிறது சுலபம் தெரியுமா? யாருக்கு டீ குடுக்கலன்னு பாக்கணும்.”

“அப்படியாக்கா?”

“ஆமாம். பதினோரு வருஷமா உங்க வீட்டுல எனக்கு யாரும் ஒரு டீ குடுக்கல. அப்ப நான் யாரு?”

 தஞ்சாவூரில் இறங்கியதும் ஒரு டீ வாங்கினேன். நீங்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் கால் தம்ளர் குடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தீர்கள். “இப்ப உசுரு வந்துடுச்சு” என்றீர்கள்.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு உங்களோடு வந்தேன். டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில்கள். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். குளிரும் என்று கழுத்துவரை போர்த்திவிடுவார்கள். முதல் நாள் சுவரில் இருந்த டிவியில் ஏதோ குடும்பத் தொடர் ஓடியது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். “இது எப்ப முடியும்னு அத எடுக்கிறவனுக்கே தெரியாது. எனக்கு ஒக்காந்த எடத்துல முடியற மாதிரி ஏதாவது போடு.”

அப்படித்தான் ஆரம்பித்தோம். என் போனில் இயர்போன் மாட்டி, ஒன்று உங்கள் காதில், ஒன்று என் காதில். ஒரு தடவைக்கு இரண்டு கதை, சில நாள் மூன்று. நம்மூர்க் கதை, இந்திக்காரர்கள் எடுத்துத் தமிழில் பேசவைத்தது, அமெரிக்காவில் எடுத்தது, கொரியாவில் எடுத்தது. எதைப் பார்க்கலாம், எதைத் தள்ளலாம் என்று உங்களிடம் சட்டம் இருந்தது. சத்தம் போட்டுப் பயமுறுத்தினால் அது ஏமாற்று. உடனே நிறுத்தச் சொல்வீர்கள். பேய்க்கு ஒரு மனக்குறை இருக்க வேண்டும். கதை முடிந்தபிறகு பேய் எங்கே போனது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் அதிகம் சிரித்தது அந்த முடிதிருத்துகிறவர் கதைக்கு. செத்த பிறகும் முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருப்பதால், பழைய வாடிக்கைக்காரர்கள் மாதம் ஒருமுறை எழுந்து வந்து வரிசையில் உட்கார்கிறார்கள். அவரும் வழக்கம்போல வெட்டிவிட்டு அனுப்புகிறார். பேசாமல் இருந்தது தொலைபேசிக் கதைக்கு. ஒரு பெண்ணுக்குத் தினமும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடும் ஒரு கிழவி. அது இருபது வருஷத்துக்கு அப்பால் இருக்கிற அவளேதான். கேட்க வேறு ஆள் இல்லாமல் தன்னையே கூப்பிட்டுக் கேட்கிறாள். அது முடிந்ததும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து நான் காதிலிருந்ததை எடுக்கப் போனேன். “இருக்கட்டும்” என்றீர்கள்.

கொரியக் கதைகளுக்குத் தமிழ் இருக்காது. கீழே ஓடும் எழுத்தைப் படித்து நான் மெதுவாகத் தமிழில் சொல்வேன். பக்கத்துக் கட்டிலில் திருப்பனந்தாள்காரர் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்தவர், ஒருநாள் தலையைத் தூக்கினார். “ஏம்மா, எங்களுக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்களேன். அந்தப் பொண்ணு மாடிக்குப் போனாளா இல்லியா?” அதற்குப் பிறகு ஆறு கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னேன். ஊசி போடுகிற பெண் கூட வாசலில் நின்று கேட்பாள். எனக்குப் பயமான இடத்தில் குரல் நடுங்கும். நீங்கள் போர்வைக்குள்ளிருந்து வலது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வீர்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டர் வந்து, எத்தனை நாள் இப்படி, மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிடலாமே என்றார். அத்தானுக்குச் சர்க்கரை. மகனின் ரத்தம் பொருந்தவில்லை. மகளை நீங்களே வேண்டாம் என்றீர்கள். அவளுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. “சொந்தத்துல வேற யாராவது உங்கள மாதிரி ஓ பாசிட்டிவ் இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா. அனுமதி வாங்கணும், ஆனா வாங்கலாம்” என்றார் டாக்டர். நான் கட்டிலின் அடுத்த பக்கம் நின்றிருந்தேன். என் தோளில் கைப்பை. அதன் வாரில் பள்ளிக்கூட அடையாள அட்டை எப்போதும்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. என் பெயர், அலுவலக உதவியாளர், ரத்த வகை ஓ பாசிட்டிவ்.

நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, அக்கா. பயம். என்னை மயக்கிப் படுக்கவைத்து அறுப்பார்கள் என்ற பயம். பிள்ளைகள், வீட்டுக்காரர், பங்காளிச் சண்டை என்று பிறகு பல காரணம் சேர்த்துக்கொண்டேன். முதலில் வந்தது பயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். அடுத்த புதன்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் என் பையைப் பார்த்தீர்கள்.

“வசந்தி, இதுல ஒரு அட்ட தொங்குமே, எங்க?”

“வாரு அறுந்துடுச்சுக்கா. வீட்டுல கெடக்கு.”

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருந்தது.  “சரி, இன்னைக்கு என்ன கதை?” என்றீர்கள். தபால்காரிக்கு முன்னால் நாம் பார்த்த நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளில் அன்றைக்குப் பார்த்தது மட்டும் என்னவென்று எனக்கு நினைவே இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீங்கள் அட்டையைப் படித்திருக்கவே மாட்டீர்கள் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். படித்துவிட்டு மன்னித்திருப்பீர்கள் என்று சில நாள். இரண்டில் எது வசதியோ அதை.

தபால்காரியைப் பார்த்த சனிக்கிழமை உங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஊசி போடுகிற பெண் ஓடிவந்து போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். ஒரு மணி நேரத்தில் சரியாகி, எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, “மீதிய புதன்கெழம பாப்போம்” என்றீர்கள். திங்கட்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தான் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நான் வந்து பார்க்கும்போது நீங்கள் பாயில் படுத்தபடியே இருந்தீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் நம் வீட்டுக்கு வந்தார். பாருங்கள், ‘நம் வீடு’ என்று எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் சம்பா அறுக்க இயந்திரம் வந்திருக்கிறதென்று வயலுக்குப் போயிருந்தார். அத்தான் வாசலிலேயே நின்றார்.

“வசந்தி, இருக்கியாம்மா?”

“உள்ள வாங்க அத்தான்.”

நாற்காலியைப் போட்டேன். உட்காராமல் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. “அவ அங்க என்னமோ பாப்பாளாமே. வந்து சொல்லிச் சொல்லி சிரிப்பா. எனக்கு ஒண்ணும் புரியாது. அதுல ஒண்ணு போடேன்” என்றார்.

முடிதிருத்துகிறவர் கதையைப் போட்டேன். போனைச் சொம்பில் சாய்த்துவைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். செத்தவர்கள் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. “இதுல பயப்பட என்ன இருக்கு?” என்று ஒருமுறை கேட்டார். “ஒண்ணுமில்ல அத்தான்” என்றேன். அவர் முகம் போன் பக்கம் இருந்ததால்தான் எனக்குச் சொல்ல முடிந்தது.

“அத்தான், ஒண்ணு சொல்லணும். என் ரத்தமும் ஓ பாசிட்டிவ்தான்.”

அவர் திரும்பவில்லை. “தெரியும்” என்றார்.

“அக்கா சொன்னாங்களா?”

“டாக்டரு சொன்ன அன்னைக்கே வந்து சொன்னா. வசந்தி பையில எழுதியிருக்குன்னா. நான் அப்பவே எழுந்துட்டேன். தம்பி கால்ல விழுந்தாவது கேட்டுடலாம்னு. படியிறங்க விடல. கையப் புடிச்சிக்கிட்டா.”  “‘நீங்க கேட்டுட்டா அவ அடுத்த வாரம் பஸ் ஏற மாட்டா. எனக்கு அந்த ரெண்டு நாளு வேணும்’னா. அவ பேச்சக் கேட்டு நானும் சும்மா இருந்துட்டேன். இருந்தது தப்போன்னு இப்ப தோணுது.”

“தப்பு உங்க மேல இல்ல அத்தான்.”

“ஒன்ன சொல்ல வரலம்மா” என்றார்.

கதை முடிந்தது. கடைக்காரர் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தார். அத்தான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வயலில் இயந்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டார். சொன்னேன். தம்பி வயல் பக்கம்தான் நடந்து போனார். போய் வரப்பில் நின்றாராம். இருவரும் நெல்லைப் பற்றி மட்டும் பேசினார்களாம்.

அக்கா, அவர் அன்றைக்கு வந்து கேட்டிருந்தால் நான் சரியென்று சொல்லியிருப்பேனா? எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. ஆனால் மறுத்திருந்தால் அடுத்த புதன்கிழமை உங்கள் முகத்தைப் பார்க்க பஸ் ஏறியிருக்க மாட்டேன். அதை என்னைவிட நன்றாக நீங்கள் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். எந்தப் பேய்க்கும் பயப்படாதவர், ஏழு மணி பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகிவிடுமோ என்று ஐந்து மாதம் பயந்துகொண்டே வந்திருக்கிறீர்கள். என் பொய்யைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது அதனால்தான்.

‘எனக்கு அந்த ரெண்டு நாளு வேணும்.’ உங்கள் வாயால் கேட்காமல் அத்தான் வாயால் கேட்ட சொல். அரிசி களையும்போதும், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போதும் அது கூடவே வருகிறது. அது மன்னிப்பா, ஆசையா, எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தால் தெரியுமோ என்னவோ. இன்னும் வரவில்லை.

வசந்தி